ஒட்டாவாவில் எடுத்த பேய்க்கதை சீரியல்: ‘ஸ்ட்ரேஞ்ச் பாரடைஸ்’ பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஒட்டாவாவில் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது வயது. கல்யாணமான புதிதில் பகல் நேரத்தில் டிவியில் ஒரு சீரியல் பார்த்தாராம். செத்துப்போன மனைவியைப் புதைக்காமல் உறையவைத்து வைத்திருக்கும் ஒரு பணக்காரன், சுவரில் மாட்டிய ஓவியத்திலிருந்து அவனோடு பேசும் முப்பாட்டன், மாந்திரீகம் தெரிந்த வேலைக்காரி, கோட்டை மாதிரி வீடு, அப்புறம் ஒரு பெரிய தீ. ரத்தக்காட்டேரியும் வந்ததாம், மூன்று நான்கு வருஷம் ஓடியதாம், இதே ஊரில்தான் எடுத்தார்களாம். பிள்ளைகளோ “அது அமெரிக்க ‘டார்க் ஷேடோஸ்’, அம்மா குழப்பிக்கொள்கிறார்” என்று சிரிக்கிறார்கள். அப்படி ஒரு கனடிய சீரியல் உண்டா, உண்டென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் ஞாபகத்தை நம்பலாமா என்பதுதான் இதற்கு அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. பெரும்பகுதியை நம்பலாம். இரண்டு விஷயங்களில் மட்டும் வேறு எதுவோ வந்து கலந்திருக்கிறது.

நான் பல வருஷம் பழைய வீடியோ டேப்களை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை பார்த்தவன். அறுபதுகள், எழுபதுகளின் வட அமெரிக்கப் பகல்நேர சீரியல்கள் என் கையில் நிறைய வந்து போயிருக்கின்றன. அதனால் இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. அவர் சொல்வது ‘ஸ்ட்ரேஞ்ச் பாரடைஸ்’. அமெரிக்காவில் 1969 செப்டம்பரில் தொடங்கியது. கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி அதே வருஷம் அக்டோபர் 20 அன்று ஒளிபரப்பத் தொடங்கி 1970 ஜூலையில் முடித்தது. அரை மணி நேரப் பாகங்கள், வாரத்துக்கு ஐந்து, மொத்தம் 195. கணக்குப் போட்டால் 39 வாரம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆக “மூன்று நான்கு வருஷம்” என்பது தவறு. ஆனால் தினமும் பார்த்த ஒரு சீரியல் மனதில் நீண்டு தெரிவது சகஜம். மெகா சீரியல் பார்க்கும் வீட்டில் வளர்ந்த யாரும் இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒட்டாவாவில் எடுத்தது என்பதும் உண்மை. சிஜேஓஎச் என்ற தனியார் நிலையத்தின் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். மெரிவேல் சாலையில் இருந்த அந்தக் கட்டடம் 2010 பிப்ரவரியில் தீப்பிடித்தது. இப்போது போனால் பார்க்க ஒன்றுமில்லை. அந்த ஸ்டூடியோ அன்று எவ்வளவு பரபரப்பாக இருந்தது என்பதற்கு ஒரு துணுக்கு: உலகமெங்கும் ஓடிய ‘கேலபிங் கூர்மே’ சமையல் நிகழ்ச்சியை கிரஹாம் கெர் அதே காலத்தில் அங்கேதான் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் வெண்ணெயை உருக்க, இன்னொருவர் பிணத்தை உறையவைத்துக்கொண்டிருந்தார். வீட்டின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் டொரண்டோவில் உள்ள காசா லோமா மாளிகையைக் காட்டினார்கள். ஹென்றி பெல்லட் என்ற செல்வந்தர் முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் கட்டி, பிறகு வைத்துக்கொள்ள வசதியில்லாமல் இழந்த கோட்டை அது. “கோட்டை மாதிரி வீடு” என்று அந்த அம்மா சொல்வது அதைத்தான். இன்றும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம்.

கதை இப்படிப் போகும். கரீபியக் கடலில் மால்ஜார்தின் என்ற தனித்தீவு. அதன் சொந்தக்காரன் ஜான் பால் டெஸ்மண்ட். மனைவி எரிகா இறந்துபோகிறாள். அவளை அடக்கம் செய்ய அவனுக்கு மனமில்லை. உடலை உறையவைத்து, ஒருநாள் விஞ்ஞானம் எழுப்பித் தரும் என்று காத்திருக்கிறான். இன்றைக்குக் கேட்டால் பழைய சரக்காகத் தெரியும். ஆனால் இறந்த மனிதர் ஒருவரை எதிர்கால மருத்துவத்தை நம்பி முதன்முதலாக உறையவைத்தது 1967 ஜனவரியில்தான், ஜேம்ஸ் பெட்ஃபர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரை. சீரியல் தொடங்கும்போது அந்தச் செய்திக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. சுடச்சுடப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் பழைய பேய்க்கதைக்குள் சொருகியிருக்கிறார்கள். கதையை உருவாக்கிய இயன் மார்ட்டின் வானொலி நாடகத்தில் ஊறியவர், பிற்பாடு ‘சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்’ வானொலித் தொடருக்கு நிறைய எழுதினார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு பயமுறுத்தத் தெரிந்த கை என்பது ஆரம்பப் பாகங்களைப் பார்த்தால் தெரியும்.

விஞ்ஞானம் கைகொடுக்கத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் ஓவியம் பேச ஆரம்பிக்கிறது. அதில் இருப்பவன் ஜாக் எலுவா தே மோந்த், முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இறந்த முன்னோன், மனைவியைக் கொன்றவன். ஒரு மாந்திரீகப் பொம்மையும் அதில் குத்திய வெள்ளி ஊசியும்தான் அவன் ஆவியைக் கட்டி வைத்திருக்கின்றன. ஊசியை எடுத்துவிட்டால் எரிகாவைத் திருப்பித் தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். ஜான் பால் எடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகு எந்தக் காட்சியில் நிற்பது பேரன், எந்தக் காட்சியில் நிற்பது பாட்டன் என்பதுதான் விளையாட்டு. இரண்டு பேரும் ஒரே நடிகர், காலின் ஃபாக்ஸ். மேக்கப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜான் பால் பேசும்போது தோள் சரிந்து, வார்த்தைக்கு வார்த்தை துக்கம் கனக்கும். ஜாக் உள்ளே வந்துவிட்டால் அதே முகத்தில் ஒரு குறும்பு ஏறும், கழுத்து நிமிரும், பக்கத்தில் நிற்பவர்களைக் கிண்டலாக அளப்பார். கேமரா முகத்தை நெருங்கி நிற்க, வசனம் ஏதும் வருவதற்கு முன்பே ஆள் மாறிவிட்டது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். தினம் ஒரு பாகம் என்ற வேகத்தில், ஒத்திகைக்கு நேரமே இல்லாமல் இதைச் செய்தார் என்பதை மறக்கக்கூடாது. என்னைக் கேட்டால், இந்தச் சீரியலைப் பார்க்க அவர் ஒருவரே போதும்.

மாந்திரீகம் தெரிந்த வேலைக்காரி ராக்ஸல், நடித்தவர் கோஸெட் லீ. கூடவே வாய் பேசாத வேலைக்காரன் கீட்டோ. எரிகாவின் சகோதரி அலிசன் ஒரு டாக்டர். அந்த வேடத்தில் டான் கிரீனால் நடித்தார். ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ பார்த்தவர்களுக்கு அவருடைய மகள் மேகன் ஃபாலோஸைத் தெரிந்திருக்கும். தீவுக்கு வந்து மாட்டிக்கொள்ளும் ஓவியன் டிம் ஸ்டான்டனாக வந்த புரூஸ் கிரே, பல வருஷம் கழித்து ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ படத்தில் மாப்பிள்ளையின் அப்பாவாக வந்தார். காலின் ஃபாக்ஸும் தொண்ணூறுகளில் ‘சை ஃபேக்டர்’ தொடரில் வந்தார். இந்த முகங்களைக் காட்டினால் அந்த அம்மா உடனே அடையாளம் சொல்லிவிடக்கூடும்.

இனி பிள்ளைகளின் வாதம். அவர்களும் முழுக்கத் தப்பில்லை. ‘டார்க் ஷேடோஸ்’ 1966 ஜூனில் அமெரிக்காவின் ஏபிசி நெட்வொர்க்கில், அதாவது நாடு முழுக்க நிலையங்களைக் கோத்த சங்கிலியில், ஆரம்பித்தது. சாதாரண மர்மக் கதையாகத் தடுமாறிக்கொண்டிருந்த சீரியல், 1967இல் பார்னபஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரியைக் கொண்டுவந்ததும் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். அந்த வெற்றியைப் பார்த்துப் பிறந்ததுதான் ‘ஸ்ட்ரேஞ்ச் பாரடைஸ்’. பழைய மாளிகை, ஓவியத்து மூதாதை, சாபம் எல்லாம் அங்கிருந்து வந்த சாமான்கள். போதாததற்கு, ‘டார்க் ஷேடோஸ்’ தயாரிப்பாளராக இருந்த ராபர்ட் காஸ்டெல்லோவையே பாதியில் இங்கே கொண்டுவந்தார்கள். ஆகவே ரத்தக்காட்டேரி அந்த அம்மாவின் ஞாபகத்துக்குள் வந்தது பெரும்பாலும் பார்னபஸ் வழியாகத்தான் இருக்கவேண்டும். இது என் ஊகம், ஆனால் அந்தக் காலத்தில் இரண்டையும் பார்த்த பலர் இப்படித்தான் கலந்து சொல்வார்கள். ஒரு வேடிக்கை: பார்னபஸாக நடித்த ஜொனாதன் ஃப்ரிட் ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன்காரர். அமெரிக்க சீரியலின் பேய் கனடாக்காரர், கனடா சீரியலின் பணம் அமெரிக்காவுடையது.

அந்தப் பணத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. சிபிசியில் ஓடினாலும் இது சிபிசி தன் வீட்டில் சமைத்தது கிடையாது. தயாரிப்பாளர் ஜெர்ரி லேட்டன். பின்னால் இருந்தவர் ஸ்டீவ் கிரான்ட்ஸ் என்ற அமெரிக்கர். அறுபதுகளின் ‘ஸ்பைடர்மேன்’ கார்ட்டூனுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே, நாவலாசிரியை ஜூடித் கிரான்ட்ஸின் கணவர். இதை அமெரிக்காவில் எந்தப் பெரிய நெட்வொர்க்கும் ஒளிபரப்பவில்லை. ஊர் ஊராக, நிலையம் நிலையமாக விற்றார்கள். வாங்கிய நிலையம் தன்னிடம் எந்த நேரம் காலியாக இருக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளும். வாங்காத ஊரில் அந்தச் சீரியல் பிறக்கவே இல்லை. ஒரு ஊர்க்காரரும் அடுத்த ஊர்க்காரரும் மறுநாள் பேசிக்கொள்ள வழியில்லை. ‘டார்க் ஷேடோஸ்’ நாடு முழுக்க ஒரே நாளில் ஒரே பாகம் பார்த்தது. பள்ளிக்கூட மைதானத்தில் அதைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. வித்தியாசம் அங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. இந்த மாதிரி நெட்வொர்க் இல்லாத சரக்கை வாங்கியவை பலவும் யுஎச்எஃப் நிலையங்கள், அதாவது 14ஆம் சேனலிலும் அதற்கு மேலும் இருந்தவை. அமெரிக்காவில் 1964 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்டிகளில்தான் இந்தச் சேனல்களைப் பிடிக்கும் வசதி கட்டாயமானது. 1969இல் நிறைய வீடுகளில் அதற்கு முந்தைய பெட்டி இருந்தது. தனியாக ஒரு கருவி வாங்கி மாட்டினால்தான் படம் வரும். வசதி இருந்த பெட்டியிலும் ரேடியோவில் நிலையம் தேடுகிற மாதிரி குமிழை மெல்லத் திருகிப் பிடிக்கவேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பார்க்க ஆள் குறைவு.

கதையும் ஒத்துழைக்கவில்லை. பதின்மூன்று வாரத்திலேயே தீவை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டார்கள். மால்ஜார்தின் வீடு எரிகிறது. அந்த அம்மா சொல்லும் தீ இதுதான், அது கடைசியில் வருவதில்லை, மூன்றில் ஒரு பங்கு கதை முடியும்போதே வந்துவிடுகிறது. இயன் மார்ட்டின் போனார், அவரோடு பல பாத்திரங்களும் போனார்கள், விடை தெரியாத முடிச்சுகள் அப்படியே நின்றன. ஜான் பால் தன் குடும்ப மாளிகையான டெஸ்மண்ட் ஹாலுக்குத் திரும்ப, புது ஆட்களோடு புதுக் கதை ஆரம்பித்தது. எரிகாவாக நடித்த டூடி விக்கின்ஸ் வேறொரு பாத்திரமாகத் திரும்பி வந்தார். காஸ்டெல்லோ கை வைத்த பிறகு வேகம் கூடியது உண்மை. ஆனால் உறைந்த மனைவி எழுவாளா என்று காத்திருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு சீரியல். நீடித்தது 39 வாரம் என்று சொன்னேன் அல்லவா, அது மூன்று பதின்மூன்று வாரங்கள். பதின்மூன்று வாரத்தை ஒரு கட்டாக வைத்து ஒப்பந்தம் போடுவது அமெரிக்க டிவியில் பழைய வழக்கம். மூன்று கட்டோடு கடையைக் கட்டினார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நிறுத்தியதற்கு ஒரே காரணத்தை யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். “பேய்க்கதை என்பதால் பெற்றோர் எதிர்த்தார்கள்”, “சிபிசி வெட்கப்பட்டு நிறுத்தியது” என்றெல்லாம் சொல்வார்கள். மேலே சொன்ன வியாபாரக் கணக்கே போதுமான விளக்கம்.

ஏன் கனடாவிலேயே மறந்துபோனது? ஆங்கிலம் பேசும் கனடாவில் பகல்நேர சீரியல் என்ற செடி எப்போதுமே சரியாக வேர் பிடித்ததில்லை. ‘ஸ்கார்லெட் ஹில்’ 1962இல் வந்து 1964இல் போனது. டொரண்டோவில் எடுத்த ‘மொமென்ட் ஆஃப் ட்ரூத்’ 1965இல் என்பிசியிலும் ஓடியது, ஒரு வருஷம் தாண்டவில்லை. 1978இல் ‘ஹை ஹோப்ஸ்’, சில மாதங்கள். மாலை நேரத்துக்கு வந்த ‘ரிவர்டேல்’ 1997 முதல் 2000 வரை. ‘ட்ரெயின் 48’ என்று ஒன்று 2003இல் வந்தது. வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் டொரண்டோ ஜனங்கள், எழுதி வைத்த வசனம் இல்லாமல் நடிகர்களே பேசிக்கொள்வார்கள். புதுமையான முயற்சி, அதுவும் 2005இல் முடிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையங்களை ஆன்டெனாவிலேயே பிடிக்கிற தேசத்தில், பெரும்பணம் போட்டு எடுத்த அமெரிக்க சீரியலோடு தினமும் மோதுவது சின்ன விஷயமில்லை. வேறு மொழி என்ற வேலி இருந்த கியூபெக்கில் கதையே வேறு. ஐம்பதுகளில் வந்த ‘லா ஃபாமி ப்ளூஃப்’ தொடங்கி அங்கே பிரெஞ்சு சீரியல்கள் ஊரையே கட்டிப்போட்டன. ‘ஸ்ட்ரேஞ்ச் பாரடைஸ்’ விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கதை தொடங்குவது கரீபியத் தீவில், பணமும் சந்தையும் அமெரிக்காவுடையவை. எங்களுடையது என்று கனடாக்காரர்கள் உரிமை கொண்டாட அதில் ஒட்டாவா தெரியவே இல்லை. இரவல் புடவையில் போனவளை உறவுக்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல செய்தி. 195 பாகங்களும் பிழைத்திருக்கின்றன. இது எவ்வளவு அபூர்வம் என்பது என் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அன்றைய டேப் இரண்டு அங்குல அகலம். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1,370 மீட்டர் டேப் வேண்டும். ஒரு சுருளைத் தூக்கி எந்திரத்தில் மாட்டவே தோள் பலம் வேண்டும். விலையும் அதிகம் என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். அந்தக் காலத்துப் பகல் சீரியல்களில் பெரும்பாலானவை இப்படியே போயின. இது ஊர் ஊராக விற்ற சரக்கு என்பதால் கடைசிப் பாகம் வரை பிரதிகளை வைத்திருந்தாகவேண்டிய கட்டாயம் இருந்தது. ஆள் சேராமல் போனதற்குக் காரணமாயிருந்த அந்த விற்பனை முறைதான் டேப்களையும் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் கனடிய கேபிள் சேனல்களில் மறுஒளிபரப்பும் ஆனது. ரசிகர்கள் பதிவுசெய்து வைத்த பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தரம் சுமார்தான். மனிதர்களின் முகத்தில் கிடைமட்டமாக மெல்லிய நிறப்பட்டைகள் தெரிந்தால் உங்கள் கணினியைச் சந்தேகப்படவேண்டாம். அந்தக் கால எந்திரத்தில் டேப்பில் படத்தைப் பதியும் நான்கு காந்தத் தலைகள் ஒரு சக்கரத்தில் நிமிஷத்துக்கு 14,400 தடவை சுற்றும். ஒவ்வொரு தலையும் திரையில் பதினாறு பதினேழு வரிகளை எழுதும். நான்கில் ஒன்று சற்றுப் பிசகினாலும் அதன் பங்கு வரிகள் மட்டும் சிவந்தோ பச்சையாகவோ நிற்கும். வெளிறிய முகத்தில்தான் அது பளிச்சென்று தெரியும், இந்தச் சீரியலில் வெளிறிய முகங்களுக்குப் பஞ்சமே இல்லை. நடிகர் வசனத்தில் தடுக்கி அப்படியே தொடர்வதும் அவ்வப்போது வரும். டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் நாடகம் மாதிரி ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுவார்கள்.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் முதல் பாகத்திலிருந்து தீ வரைக்கும் பாருங்கள். 65 பாகங்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஆமை வேகம், ஊசியை எடுத்த பிறகு சூடு பிடிக்கும். டெஸ்மண்ட் ஹால் பகுதி அவருக்கு ஞாபகம் வந்தால் மட்டும் தொடருங்கள். படிக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் டோரதி டேனியல்ஸ் இந்தப் பாத்திரங்களை வைத்து எழுதிய மூன்று பேப்பர்பேக் நாவல்கள் உண்டு, அதில் ஒன்று ராக்ஸலைப் பற்றியது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். சீரியலின் கதை வேறு, நாவல்களின் கதை வேறு, இரண்டையும் ஒன்றாக வைத்து அவரிடம் கேள்வி கேட்காதீர்கள்.